பழைய சைப்ரஸ் மரக் கிட்டார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, மர முறுக்காணிகளை மாற்றலாமா?

#1 மாட்ரிட்வாசி

வணக்கம். நான் மாட்ரிட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, ஃபிளமெங்கோ (தென் ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை) கிட்டார் கற்க ஆரம்பித்து நான்கு வருடம். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். நான் வாசிப்பது அவருக்குக் கேட்கும் போலிருக்கிறது. போன மாதம் கூப்பிட்டு உட்காரவைத்து, கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, உள்ளே இருந்த கிட்டாரை என் மடியில் வைத்துவிட்டார். அவருடைய கணவர் வாசித்ததாம். அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதற்கப்புறம் யாருமே தொடவில்லை. "சரிசெய்து வாசி, சும்மா கிடக்கவேண்டாம்" என்றார்.

உடம்பு முழுக்க வெளிர் மஞ்சள், பழைய தந்தத்தின் நிறம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை, சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 1,180 கிராம்தான். தலையில் வயலினுக்கு இருப்பது போல ஆறு மர முறுக்காணிகள். ஒன்றின் தலை உடைந்திருக்கிறது, இரண்டு வழுக்குகின்றன. மேல்பலகையில், தந்திகளைக் கட்டுகிற பிரிட்ஜுக்குக் கீழே 11 செ.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல். உள்ளே சீட்டில் இருப்பது: வியூதா இ சோப்ரினோஸ் தெ தொமிங்கோ எஸ்தெசோ, கிராவினா 7, மாட்ரிட். வருடத்துக்கு "19" என்பது அச்சில் இருக்கிறது, கையால் எழுதிய மற்ற இரண்டு எண்களும் மங்கிப் போய்விட்டன.

பழுதுபார்க்கும் ஒரு கடையில் காட்டினேன். முறுக்காணிகளைப் பிடுங்கிவிட்டு, தலையைக் குடைந்து மெஷின் ஹெட் (பல்சக்கரம் வைத்த உலோகத் திருகு) போட்டு, உடம்பையும் சுரண்டிப் புது வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். புதன்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். கொடுக்கலாமா?

#2 இழைப்புளி

கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு எழுதுகிறேன்.

தலையைக் குடைந்தால் குடைந்ததுதான், அந்த மரம் திரும்ப வராது. முறுக்காணி வழுக்குகிறது என்றால் அது தேய்மானம். ஓட்டையைக் கொஞ்சம் சீராக்கி முறுக்காணியைச் சரியாகச் சீவி உட்காரவைத்தால் இன்னும் ஐம்பது வருடம் ஓடும். உடைந்த ஒன்றை மட்டும் புதிதாகக் கடைந்து போடலாம்.

வார்னிஷ் விஷயம் அதைவிட மோசம். அந்தக் காலத்து மாட்ரிட் கிட்டார்களில் இருப்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெல்லிய பூச்சு. நம் தச்சர்கள் பிரெஞ்ச் பாலீஷ் என்று சொல்வதேதான். என்னிடம் 1970களின் சைப்ரஸ் கிட்டார் ஒன்று இருந்தது. விவரம் தெரியாத வயதில் ஒரு கடையில் கொடுத்தேன், சுரண்டிவிட்டு கெட்டியான பாலியூரித்தேன் அடித்துக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு ரஸ்கேயாடோ (விரல்களை விசிறித் தந்திகளை வருடுவது) அடித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஒரு சத்தம். சுரண்டும்போது மேல்பலகையையும் சேர்த்து இழைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கிட்டார் பழையபடி ஆகவே இல்லை.

#3 பன்னிரண்டு_மாத்திரை

இழைப்புளி அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். வார்னிஷைத் தொடக்கூடாது, சரி. ஆனால் முறுக்காணி? ஃபிளமெங்கோ மேதை பாக்கோ தெ லூசியா மேடையில் வாசித்த, கோந்தே பட்டறைக் கிட்டார்களில் மெஷின் ஹெட் இல்லையா என்ன? வாசிக்கிறவனுக்குச் சுதி நிற்கவேண்டும். பாடகருக்கு வாசிக்கும்போது இரண்டு பாட்டுக்கு நடுவில் சுதி சேர்க்க அரை நிமிடம்தான் கிடைக்கும். அப்போது முறுக்காணி வழுக்கினால் மானம் போகும். கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருளாக இதை ஆக்கவேண்டாம், பாட்டியே வாசி என்றுதானே கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று. சீட்டை நம்பாதீர்கள். சீட்டை அச்சடித்து ஒட்டுவது பெரிய வேலை இல்லை. கிட்டாரைப் பார்த்துத்தான் சீட்டை நம்பவேண்டும்.

#4 இழைப்புளி

மாத்திரை, மெஷின் ஹெட்டோடு பிறந்த கிட்டார் அப்படியே இருக்கட்டும், அதில் தப்பே இல்லை. முறுக்காணியோடு பிறந்ததை மாற்றுவதுதான் எனக்கு ஆகவில்லை. எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பழைய பாணியில் கிட்டாரை வலது தொடையில் ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, வலக்கையை மேலே போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். இரும்பும் பித்தளையுமாகத் தலையில் ஏற்றினால் 1,180 கிராம் உடம்பில் தலை கீழே இழுக்கும். அந்தச் சமநிலையை நினைத்துத்தான் செய்தவர் கழுத்தைச் செதுக்கியிருக்கிறார்.

சீட்டைப் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் அந்தச் சீட்டில் எழுதியிருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தொமிங்கோ எஸ்தெசோவின் விதவையும் மருமக்களும் என்று இருக்கிறது. செய்தவர் பெயர் அதில் எங்கே?

கதை மானுவேல் ராமிரெஸ் பட்டறையிலிருந்து ஆரம்பிக்கிறது. அண்ணன் ஹோசே ராமிரெஸ், தம்பி மானுவேல், இரண்டு பேரும் மாட்ரிட்டில் கிட்டார் செய்தவர்கள். அப்போது ஊரெங்கும் காஃபே கான்தான்தே, அதாவது பாட்டும் ஆட்டமும் நடக்கிற குடிக்கடைகள். கைதட்டல், ஆடுகிறவர்களின் காலடி ஓசை, கூச்சல் எல்லாவற்றையும் தாண்டிக் கிட்டார் கேட்கவேண்டும், மைக் கிடையாது. அதற்காக ஹோசே அகலமான உடம்பு, குறைந்த ஆழம், வளைந்த மேல்பலகை என்று ஒரு வகையைச் செய்துகொண்டிருந்தார். தம்பி அண்ணனோடு பிணங்கித் தனிக்கடை போட்டார், முந்தைய தலைமுறைக் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ தோர்ரெஸ் போட்ட அமைப்பை எடுத்துக்கொண்டு அதிலிருந்து வேறொரு வழியில் போனார். இன்று ஃபிளமெங்கோ கிட்டார் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தம்பியின் வழிதான்.

அந்தத் தம்பியின் பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள் சாந்தோஸ் எர்னாந்தெஸ், தொமிங்கோ எஸ்தெசோ, மொதெஸ்தோ பொர்ரெகெரோ. 1912இல் மானுவேல் கிளாசிக்கல் கிட்டார் கலைஞரான இளம் ஆந்த்ரெஸ் செகோவியாவுக்குக் கொடுத்த கிட்டார் இன்று நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீட்டில் இருப்பது மானுவேல் பெயர், ஆனால் செய்த கை சாந்தோஸின் கை என்றே சொல்லப்படுகிறது. செகோவியா அதைக் கால் நூற்றாண்டு உலகமெங்கும் வாசித்தார்.

1916இல் மானுவேல் இறந்துவிட்டார். பட்டறை மூடவில்லை. "மானுவேல் ராமிரெஸின் விதவை" என்ற சீட்டோடு அதே ஆட்கள் செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனிக்கடை போட்டார்கள், எஸ்தெசோ கிராவினா தெருவில், சாந்தோஸ் அதுவானா தெருவில். 1937இல் எஸ்தெசோ இறந்தார். உள்நாட்டுப் போர் நடுவில், மாட்ரிட் முற்றுகையில் இருந்த நேரம் அது. அவர் மனைவியும், அங்கே தொழில் கற்ற கோந்தே சகோதரர்களும் கடையை விடவில்லை, உங்கள் கையிலிருக்கும் சீட்டு அதிலிருந்து வந்தது. 1943இல் சாந்தோஸ் இறந்தார். அவர் மனைவியும் பட்டறையை மூடாமல் மார்செலோ பார்பெரோவை வைத்து வேலையைத் தொடரச் செய்தார். பார்பெரோவிடம் கற்றவர் ஆர்காங்கெல் ஃபெர்னாந்தெஸ்.

மூன்று பட்டறை, மூன்று விதவைகள். அந்தப் பெண்கள் அன்றைக்குக் கருவிகளையும் அச்சுப்பலகைகளையும் விற்றுவிட்டுப் போயிருந்தால் மாட்ரிட் கிட்டார் என்ற தொழில் அங்கேயே அறுந்திருக்கும் என்பது என் எண்ணம். கிட்டார் வரலாறு பேசுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

#5 சுதிப்பெட்டி

இழைப்புளி அண்ணா, இதை வாசித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சின்னக் குறிப்பு. சோப்ரினோஸ் என்ற ஒரே சொல்லில் அண்ணன் தம்பி பிள்ளை, அக்கா தங்கை பிள்ளை, மனைவி வழிப் பிள்ளை எல்லாரையும் ஸ்பானியர்கள் அடக்கிவிடுகிறார்கள். குடும்பப் பெயர் எஸ்தெசோ என்றில்லாமல் கோந்தே என்று இருப்பதால், எஸ்தெசோவின் அண்ணன் தம்பி பிள்ளைகளாக இருக்க வாய்ப்பில்லை. மருமக்கள் என்று நீங்கள் எழுதியது பொருத்தம்தான்.

முறுக்காணிக்கு வருகிறேன். நான் வயலின் வாசிக்கிறவள், எங்களுக்கு இது தினசரிப் பிரச்சினை. மாட்ரிட்வாசி, முறுக்காணியை வெளியே எடுத்து, பளபளவென்று தேய்ந்திருக்கும் இரண்டு வளையங்களையும் பாருங்கள். அந்த இரண்டு இடத்தில்தான் அது தலையைத் தொடுகிறது. அங்கே உலர்ந்த சோப்பைக் கொஞ்சம் தடவி, அதன்மேல் சாக்பீஸ் தேயுங்கள். சோப்பு திரும்ப வைக்கும், சாக்பீஸ் நிற்க வைக்கும். இரண்டும் சேரவேண்டும். திருப்பும்போது உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புங்கள். மழைக்காலத்தில் இறுகும், காய்ந்தால் தளரும், அதற்குத் தகுந்தபடி கை பழகிவிடும். தந்தியை முறுக்காணியில் சுற்றும்போது தலையின் பக்கவாட்டு மரத்தை நெருங்கிச் சுற்றினாலும் வழுக்காது.

ஒரு சந்தேகம். சைப்ரஸ் ஏன்? எனக்குத் தெரிந்து அது சுடுகாட்டு மரம், ஸ்பெயினில் கல்லறை மதிலோரம் வரிசையாக நிற்கும்.

#6 கிரனாடா_வழிப்போக்கன்

அக்கா, அங்கே கிடைத்தது அதுதான், விலையும் குறைவு. பிரேசில் ரோஸ்வுட், நம் ஈட்டியின் இனம், கப்பலில் வரவேண்டும், காசு உள்ளவனுக்கு அது. தோர்ரெஸ் (1817 – 1892) அல்மேரியாக்காரர், செவில்லில் கடை வைத்திருந்தவர். அவர் சைப்ரஸிலும் செய்தார், ரோஸ்வுட்டிலும் செய்தார். இது ஃபிளமெங்கோ, இது கிளாசிக்கல் என்று அன்றைக்கு இரண்டு சாதி கிடையாது. வாங்குகிறவர் பையைப் பார்த்து மரம் அமைந்தது. ஆந்தலூசியாவின் ஏழைகள் சைப்ரஸ் வாங்கினார்கள், ஃபிளமெங்கோ பாடியவர்களும் ஆடியவர்களும் அந்த ஏழைகள்தான். அதனால் அந்தச் சத்தமே அந்தப் பாட்டின் சத்தமாக ஆகிவிட்டது என்று நான் நினைக்கிறேன். அப்புறம் வந்த கைவினைஞர்கள் அந்தச் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுக் கூர்தீட்டினார்கள்.

பக்கப்பலகையும் முதுகும் என்ன மரம் என்பதைவிட மேல்பலகைதான் குரல் என்று காட்ட 1862இல் தோர்ரெஸ் ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை நல்ல ஸ்புரூஸ், முதுகும் பக்கமும் வெறும் காகிதக்கூழ் அட்டை! அது பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் கிரனாடாவில் கொஞ்ச நாள் இருந்தபோது குயெஸ்தா தெ கொமேரெஸ் தெருவில் ஏறி இறங்குவேன். அல்ஹம்ப்ராவுக்கு ஏறிப்போகிற செங்குத்தான வழி, இருபக்கமும் கிட்டார் பட்டறைகள் உண்டு. ஒரு பட்டறை வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. மேசையில் சொலேரா என்ற அச்சுப்பலகை, நடுவில் லேசாகக் குழிவாகச் செதுக்கியது. அதன்மேல் மேல்பலகையைக் குப்புறப் போட்டிருக்கிறார், கழுத்து முதலிலேயே ஒட்டியாகிவிட்டது. கழுத்தின் அடிக்கட்டையில் இரண்டு பக்கமும் அறுத்த பள்ளத்தில் பக்கப்பலகைகளைச் செருகுகிறார். கழுத்து வேறு உடம்பு வேறு என்று செய்து கடைசியில் பொருத்துகிற வேலையே இல்லை, உடம்பு கழுத்தைச் சுற்றி வளர்கிறது. பிறகு பக்கமும் மேல்பலகையும் சேருமிடத்தில் விரல்நகம் அளவுள்ள மரத்துண்டுகளை, பெயோனெஸ் என்கிறார்கள், ஒவ்வொன்றாகச் சூடான வச்சிரப் பசையில் தோய்த்து வைத்து, விரலால் அழுத்தி, பசை பிடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததை எடுக்கிறார். ஒரு கிட்டார் சுற்றளவு முழுக்க இப்படியே. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. பட்டறை முழுக்கச் சைப்ரஸ் வாசனை, கற்பூரமும் எலுமிச்சையும் கலந்தது மாதிரி. மாட்ரிட்வாசி, உங்கள் கிட்டாரின் வாயில் மூக்கை வைத்துப் பாருங்கள், எழுபது வருடம் ஆனாலும் கொஞ்சம் இருக்கும்.

#7 பன்னிரண்டு_மாத்திரை

வழிப்போக்கன் சொன்ன சத்தத்துக்கு நான் சாட்சி. சைப்ரஸ் ரோஸ்வுட்டைவிட லேசு. அடித்த ஸ்வரம் உடனே பாயும், உடனே அடங்கும். கிளாசிக்கல் வாசிப்பவர் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்த விரும்புவார். சொலேயா என்ற ஃபிளமெங்கோ வகையை வாசிக்கும்போது நமக்குப் பன்னிரண்டு மாத்திரையில் 3, 6, 8, 10, 12 என்று அழுத்தம் விழவேண்டும், அந்த அழுத்தங்களுக்கு நடுவில் மௌனமும் கேட்கவேண்டும். முந்தைய ஸ்வரம் இழுத்துக்கொண்டே இருந்தால் மௌனம் எங்கிருந்து வரும்? அதற்காகவே எல்லாம் தாழ்வாக இருக்கும். பிரிட்ஜில் தந்தியின் உயரம் மேல்பலகையிலிருந்து சுமார் 8 மி.மீ., கிளாசிக்கலில் 10, 11 வரை போகும். தாழ்வாக இருந்தால்தான் மோதிரவிரல் கோல்பே தட்டும்போது பலகையை எட்டும்.

உங்களுடையதில் அளந்து சொல்லுங்கள். தட்டுகிற இடத்தில் பலகை எப்படி இருக்கிறது என்பதும் தெரியவேண்டும்.

#8 மாட்ரிட்வாசி

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை கடைக்குப் போகவில்லை, போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உயரம் 7.5 மி.மீ. தட்டுப்பலகை மஞ்சளடித்துப் போயிருக்கிறது, முதல் தந்திக்குக் கீழே நகம் பட்டுப் பட்டு அம்மி கொத்தினது மாதிரி குழிகள். வாசனை இருக்கிறது! கற்பூரம் என்று சொல்லமாட்டேன், பழைய பென்சில்பெட்டி வாசனை.

நேற்றிரவு பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியையும் சின்ன விளக்கையும் வைத்து உள்ளே பார்த்தேன். விசிறி மாதிரி விரிந்த குச்சிகள் ஏழு. ஓரம் முழுக்க அந்தப் பெயோனெஸ் வரிசை, ஒன்றுகூட மற்றொன்றின் அளவில் இல்லை, சில இடத்தில் நெருங்கியும் சில இடத்தில் தள்ளியும் இருக்கின்றன. கழுத்தடிக்குப் பக்கத்தில் ஒரு துண்டின்மேல் பசை வழிந்து காய்ந்திருக்கிறது, அதில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. பாதி ரேகைதான். விளக்கைச் சாய்த்தால் தெரிகிறது, நேராகப் பிடித்தால் மறைந்துவிடுகிறது. இழைப்புளி அண்ணா, செய்தவர் பெயர் எங்கே என்று கேட்டீர்களே, எனக்கு அதைப் பார்த்ததும் உங்கள் கேள்விதான் ஞாபகம் வந்தது.

#9 இழைப்புளி

தம்பி, அந்த இடத்தை யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தன் ரகசியம் கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டிவிரல் நுனிக்கும் நடுவில் இருக்கிறது என்று தோர்ரெஸ் ஒரு பாதிரியாரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். பலகையை இழைக்கும்போது எங்கே எவ்வளவு கனம் வேண்டும் என்று விரல்தான் அளக்கிறது.

விரிசலுக்கு: வச்சிரப் பசைதான், வேறெதுவும் வேண்டாம். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும், நாளைக்கு இன்னொருவர் பழுதுபார்க்க வந்தால் பிரிக்க முடியும். எபாக்ஸி, சூப்பர் குளூ என்று யாராவது எடுத்தால் கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உடனே ஒட்டவும் வேண்டாம். மாட்ரிட்டின் வறண்ட காற்றில் கட்டிலடியில் வருடக்கணக்கில் காய்ந்த மரம், ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் இருக்கிற அறையில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள், விரிசல் தானே நெருங்கி வரும். நெருங்கிய பிறகு பசையை உள்ளே விட்டு, அடியில் மர ரேகைக்குக் குறுக்காகச் சின்ன ஸ்புரூஸ் துண்டுகளை ஒட்டினால் போதும்.

தந்தி விஷயத்தில் குறைந்த இழுவை உள்ள நைலான் வாங்குங்கள். எஸ்தெசோ, சாந்தோஸ் எல்லாம் ஆட்டுக்குடல் நரம்புக்காகச் செய்தவர்கள். இரண்டாம் உலகப்போரில் நரம்பு கிடைக்காமல் போய், நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானைக் கொண்டுவந்த பிறகுதான் எல்லாரும் மாறினார்கள்.

#10 சுதிப்பெட்டி

இப்போது செய்கிற ஃபிளமெங்கோ நெக்ரா கிட்டார்களில், அதாவது கருப்பு மர வகையில், நிறைய நம் ஊர் ஈட்டிதான் என்று கேள்விப்பட்டேன், சரியா?

#11 இழைப்புளி

சரிதான். பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது, அதற்கு ரொம்ப முன்னாலேயே தட்டுப்பாடு வந்துவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது இந்திய ஈட்டி, மேற்குத்தொடர்ச்சி மலை மரம். பிரெஞ்ச் பாலீஷ் அரக்கும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போவதுதான். சைப்ரஸ் மட்டும் இன்னும் அவர்கள் ஊர் மரம்.

#12 மாட்ரிட்வாசி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

விரிசல் தானாகவே தலைமுடி அளவுக்கு நெருங்கிவிட்டது. ஊருக்கு வெளியே தனியாக வேலை செய்கிற ஒருவரைப் பிடித்தேன், வச்சிரத்தில் ஒட்டி உள்ளே நான்கு துண்டு வைத்தார். உடைந்த முறுக்காணிக்குப் பதில் ஒன்றைக் கடைந்து, மற்ற ஐந்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். பூச்சைத் தொடவில்லை. விரல் ரேகையைக் காட்டினேன், ரொம்ப நேரம் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டும் உடம்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, பின்னால் ஒட்டிய சீட்டு மாதிரி தெரியவில்லை என்றார். சோப்பு, சாக்பீஸ் நானே செய்தேன் அக்கா, இரண்டு நாளாகச் சுதி நிற்கிறது.

நேற்று மாலை கீழே எடுத்துக்கொண்டு போனேன். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சொலேயா கொஞ்சம் வாசித்தேன். இந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, என் புதுக் கிட்டாரில் நான் தேடித் தேடிக் கஷ்டப்பட்டு எடுக்கிறதெல்லாம் இதில் விரலை வைத்ததும் வருகிறது. பாட்டி மேசையில் விரல்கணுவால் தாளம் போட்டார், என் பத்தாவது மாத்திரை ஒவ்வொரு சுற்றிலும் பிந்துகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. முடித்ததும், "அவர் இவ்வளவு கீழே வாசிக்கமாட்டார், நான் பாடுவதற்கு இது எட்டாது" என்றார். அவர் பாடுவார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எழுந்து போய்ச் சமையலறை மேசை இழுப்பறையைக் கிளறி ஒரு செஹியாவைக் கொண்டுவந்தார், கழுத்தில் கட்டிச் சுதியை ஏற்றுகிற மரத்துண்டு. அதிலும் ஒரு குட்டி முறுக்காணி, அதைச் சுற்றி நரம்புத் தந்தி ஒன்று. மூன்றாவது ஃபிரெட்டில் வைத்து இறுக்கச் சொன்னார்.

இறுக்கும்போதுதான் கவனித்தேன், கழுத்தின் பின்பக்கம் மூன்றாவது ஃபிரெட்டுக்கு நேராகப் பூச்சு தேய்ந்து ஒரு மெல்லிய கோடு இருந்தது. நரம்பு சரியாக அந்தக் கோட்டில் போய் உட்கார்ந்தது.